திறப்பு விழாவுக்கு ஒரு வருடம் கழித்து அந்தத் தெருவுக்குப் போங்கள்

குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். யூடியூபில் ஊர்ச் செய்தி சேனல் நடத்துகிறார், கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளர். வாரத்துக்கு ஏழெட்டு தொண்டு நிறுவனங்களிடமிருந்து பிரஸ் நோட்டும் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வருகிறதாம். தையல் மெஷின் கொடுத்தோம், மரக்கன்று நட்டோம், ஸ்மார்ட் வகுப்பறை திறந்தோம் என்று. அப்படியே போட்டால் விளம்பரம் மாதிரி இருக்கிறது, கேள்வி கேட்டால் நல்லது செய்கிறவர்களை ஏன் குடைகிறாய் என்கிறார்கள், இதையெல்லாம் எப்படித்தான் எழுதுவது என்பது அவர் கேள்வி. கடலூரிலும் புதுச்சேரியிலுமாக இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிரஸ் நோட்டைப் போடுவதில் தப்பே இல்லை தம்பி. யார், எங்கே, எத்தனை பேருக்கு, என்ன கொடுத்தார்கள் என்று நாலு வரியில் போட்டுவிடுங்கள். ஆனால் அன்றைக்கே ஒரு நோட்டில் தேதியையும் ஊரையும் தெருவையும் எழுதி, அதற்கு நேராக அடுத்த வருடத் தேதியையும் போட்டு வையுங்கள். அந்தத் தேதியில் யாரும் கூப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல், நீங்களாக அங்கே போக வேண்டும். உங்கள் செய்தி அங்கேதான் இருக்கிறது. விழா அன்றைக்கு எல்லாத் தையல் மெஷினும் புதிதாகத்தான் இருக்கும், எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும், அன்றைக்கு நாம் பார்ப்பதில் புதிதாக எழுத ஒன்றுமே இல்லை.

இதை நான் கற்றுக்கொண்டது சுனாமியில். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், புதுக்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை என்று கடலோரம் முழுக்க அலைந்துகொண்டிருந்தோம். அதுவரை பேர்கூடக் கேள்விப்படாத எத்தனையோ அமைப்புகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. நல்ல மனதோடு வந்தவர்கள்தான் பெரும்பாலும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலை ஓரத்தில் குவிந்தது, மழையில் நனைந்து நாறியது. கடலுக்குப் போகிற சனத்துக்கு யாரோ உடுத்திக் கழித்த துணி எதற்கு என்று ஒரு ஆத்தா என்னிடமே கேட்டார். அதை அன்றைக்கு நான் எழுதவில்லை, உதவ வருகிறவர்கள் மனம் கோணக்கூடாது என்று நினைத்தேன். அப்புறம் படகு. ஃபைபர் படகு கொடுக்கிற விழா ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதினேன். இத்தனை படகு, இத்தனை லட்சம், மந்திரியோ நடிகரோ வந்தார், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது கரையில் படகுகள் வெயிலில் கிடந்தன. முன்பு ஒரு படகில் கூலிக்குப் போனவர்கள் எல்லாரும் இப்போது ஆளுக்கொரு படகின் பங்குதாரர், அதனால் எந்தப் படகுக்கும் ஏறுவதற்கு ஆள் போதவில்லை, டீசலுக்கும் வலைக்கும் கையில் காசு இல்லை. கடலில் இருக்கிற மீன் மட்டும் படகு கூடியதற்காகக் கூடவா போகிறது? தமிழ்நாட்டுக் கடற்கரை நெடுக இதே கதைதான் என்று பிற்பாடு பல ஆய்வுகள் சொல்லின. ஆனால் அந்த விழாக்களில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவர்கூட முன்கூட்டியே கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்தல்தான்.

அதைவிடப் பெரிய உறுத்தல் பட்டியலில் இல்லாதவர்கள். நிவாரணம் பெரும்பாலும் மீனவ கிராமப் பஞ்சாயத்து வழியாகத்தான் போனது, ஏனென்றால் அங்கேதான் கணக்கு இருந்தது, கட்டுப்பாடு இருந்தது. பிச்சாவரம், கிள்ளை பக்கம் உப்பங்கழியில் கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிற இருளர்கள் அந்தப் பஞ்சாயத்தில் இல்லை. பலரிடம் பழங்குடிச் சான்றிதழும் கிடையாது. படகு வைத்திருந்தவருக்குப் படகு, வலை வைத்திருந்தவருக்கு வலை என்று கணக்குப் போட்டால், வெறுங்கையோடு தண்ணீரில் இறங்கியவருக்கு என்ன கொடுப்பது? கூடையில் மீன் சுமந்து விற்கிற பெண்களுக்கும் இதே நிலைதான். ஆகவே எந்தத் திட்டத்தைப் பார்க்கப் போனாலும் பயனாளிகளிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அந்தத் தெரு முடிகிற இடத்துக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் ஊர் வேறு, காலனி வேறு, குப்பம் வேறு. ஒரு போர்வெல்லை எங்கே போட்டார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

சரி, குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நன்றாக நடந்ததை நன்றாக எழுதுவதும் இதே அளவுக்குக் கஷ்டம், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலையாத்திக் காட்டில் பெரும் பகுதி மொட்டையாகிக் கிடந்தது. ஆடு மாடு மேய்வதும் விறகு வெட்டுவதும்தான் காரணம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கே ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. முன்பு வனத்துறை நிர்வாகத்தில் பகுதி பகுதியாக மொத்தமாக மரம் வெட்டியதில் வெயில் நேரடியாகப் பட்டு, தரை வற்றித் தாழ்ந்து, தட்டு மாதிரி குழிந்துபோனது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி, உப்பு ஏறி, கன்று எதுவும் பிழைக்கவில்லை. அதனால் மீன் முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால் என்று வெட்டி, ஓதத் தண்ணீர் வந்து போக வழி செய்து, அப்புறம்தான் கன்று நட்டார்கள். வனத்துறையும் சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. இப்போது படகில் போகிறவர்கள் பச்சையாகப் பார்ப்பதில் அதுவும் ஒரு பங்கு. 'பத்தாயிரம் கன்று நட்டோம்' என்று ஒரு பிரஸ் நோட் வந்தால் நான் கேட்பது இதைத்தான்: முன்பு அங்கே மரம் ஏன் செத்தது? அந்தக் காரணத்தை என்ன செய்தீர்கள்? பதில் இருந்தால் அது பெரிய செய்தி, அரைப் பக்கம் கொடுக்கலாம். பதில் இல்லாவிட்டால் அடுத்த கோடையில் போய்க் கன்றுகளை எண்ணுங்கள். ஒருநாள் வேலைதான்.

புதுச்சேரிப் பக்கம் இன்னொன்று இருக்கிறது, செய்தியாளர்களாகிய நாம் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. அதே ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ஊர்ப் பெண்களே அதை இயக்கினார்கள். அங்கிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு சின்னப் பத்திரிகையும் வந்தது. வீராம்பட்டினத்தில் இணையத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் படிப்பார்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவது. சுனாமி அன்று காலை நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளை, முன்பு அந்த அறிவு மையத்தில் தொண்டராக இருந்தவர், டிவியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஊரார் மையத்தை உடைத்துத் திறந்து, அலை செய்தி சொல்கிற அதே ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உயிரோடு தப்பினார்கள். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் ஊர்ச் செய்தி என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை. அந்த ஒலிபெருக்கியை வைத்த நாளில் யாராவது செய்தியாளர் வந்திருந்தால் ரெண்டு வரிகூட எழுதியிருக்க மாட்டார், நானும்தான்.

இனி காகித வேலை. இதைப் பலரும் பயந்து விட்டுவிடுகிறார்கள், அவ்வளவு கஷ்டம் இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் சங்கமா, டிரஸ்டா, இல்லை கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான லாபநோக்கமற்ற கம்பெனியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் வரும். வருடாவருடம் மாவட்டப் பதிவாளரிடம் நிர்வாகிகள் பட்டியலும் வரவு செலவும் தாக்கல் செய்ய வேண்டும், கட்டணம் கட்டி அதைப் பார்க்கலாம். டிரஸ்ட் என்றால் அவ்வளவு திறப்பாக இருக்காது, நேரடியாக அவர்களிடமே ஆடிட் அறிக்கை கேளுங்கள். கேட்டவுடன் எடுத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுதும்போது அதையும் எழுதுங்கள். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் அடிப்படை விவரம் கிடைக்கும். ஆனால் அதில் பெயர் இருப்பது மட்டுமே நற்சான்று ஆகாது, விவரங்களைப் பதிவு செய்பவர்கள் அவர்களேதான்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள், நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை என்று இருந்ததை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். சென்னையில் இருக்கிற பெரிய அமைப்பு வாங்கி, கடலூர் கிராமத்தில் நாலு பேர் நடத்துகிற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்து வேலை நடந்த காலம் அதோடு முடிந்தது. நிர்வாகச் செலவு என்ற தலைப்பில்தான் சம்பளத்தில் ஒரு பகுதியும் வாடகையும் வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஒரு மாலை நேர வகுப்பு மூடியிருந்தால் உடனே 'பணத்தைச் சுருட்டிவிட்டார்கள்' என்று எழுதாதீர்கள், காரணம் டெல்லியில் இருக்கலாம். 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் இந்த அமைப்புகளின் வருடாந்திரக் கணக்குகளைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது, அதனால் முன்பு நாம் உட்கார்ந்த இடத்தில் பார்த்ததை இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பகுதியில் இதைவிடப் பெரிய பணம் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தத் திட்டம், எந்த மாவட்டம், எவ்வளவு, எந்த அமைப்பு மூலமாக என்று பல கம்பெனிகளின் ஆண்டறிக்கை இணைப்பில் அட்டவணை இருக்கும். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. பொதுத்துறை என்பதால் தகவல் உரிமைச் சட்டத்திலும் நேரடியாகக் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். தனியார் கம்பெனியை நேராகக் கேட்க முடியாது, ஆனால் அரசு அலுவலகம் சட்டப்படி அவர்களிடமிருந்து வாங்கக்கூடிய தகவலை அந்த அலுவலகம் வழியாகக் கேட்கலாம், சட்டத்தின் 2(எஃப்) பிரிவு அதற்கு இடம் தருகிறது. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கிற தொண்டு நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். அட்டவணையில் 'குடிநீர்' என்று இருப்பதும் ஊரில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஆலையின் சி.எஸ்.ஆர். நிதியைப் பற்றி எழுதும்போது ஆலையின் புகையையும் மறந்துவிடக் கூடாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்துக் குடிகாடு, ஈச்சங்காடு கிராமத்து ஆட்கள் 2004-ல் தாங்களே ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். நாற்றம் வந்தால் தேதி, நேரம், என்ன மாதிரி நாற்றம் என்று எழுதி வைப்பார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை வைத்து அதில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 'ஏதோ நாறுகிறது' என்று வருடக்கணக்கில் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு குறையை, இன்ன நாளில் இன்ன வேதிப்பொருள் என்று மாற்றிக் காட்டினார்கள். எழுத்தும் ஆதாரமுமாக அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தியாளர் வேலை என்று நினைக்கிறேன். அந்த ஊரில் ஒரு கம்பெனி மருத்துவ முகாம் நடத்தினால், முகாமைப் பற்றி எழுதுங்கள், அங்கே வந்தவர்களுக்கு என்ன நோய் என்று மருத்துவரிடம் பொதுவாகக் கேட்டு அதையும் எழுதுங்கள்.

எல்லைச் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (பஞ்சாயத்துக்கு அங்கே அந்தப் பேர்) கடலூருக்குள் கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறது, ரெட்டிச்சாவடியைத் தாண்டி முள்ளோடை போனால் புதுச்சேரி வந்துவிடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்து, மறுநாள்களில் பெண்ணையாறு பொங்கியபோது இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர்தான். புதுச்சேரிப் பக்கம் எல்லா ரேஷன் கார்டுக்கும் 5000 ரூபாய் அறிவித்தார்கள், நம் தமிழ்நாட்டுப் பக்கம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2000. வாய்க்கால் நடுவில் ஓட, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டு நிறுவனங்களும் இந்தக் கோட்டில் சிக்குகின்றன. புதுச்சேரியில் பதிவு, கடலூரில் வேலை, அனுமதி வாங்க இரண்டு கலெக்டர் ஆபீஸ். இன்னொரு வித்தியாசம்: நம் பக்கம் வருடத்துக்கு ஆறு நாள் கிராமசபை இருக்கிறது, எந்த அமைப்பு ஊரில் என்ன செய்கிறது என்று அங்கே எழுந்து கேட்கலாம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தக் காலம் முடிந்த பிறகும் வருடக்கணக்கில் தேர்தல் இல்லை. கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லாத ஊரில் செய்தியாளருக்கு இன்னும் கூடுதல் வேலை.

போட்டோ விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குழந்தைகள் இல்லத்தில் பிறந்தநாள் கொண்டாடினோம் என்று முகம் தெரிய அனுப்புவார்கள். போடாதீர்கள். காப்பகத்தில் இருக்கிற, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், முகம், பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் இன்னும் கடுமை. அவர்களே அனுப்பினார்கள் என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. சட்டம் கிடக்கட்டும், அரிசி மூட்டையை வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்லி ஒரு தாத்தாவைத் திருப்பி நிறுத்துகிறார்களே, அந்தப் படத்தை நாம் வாங்கிப் போடுகிற வரைக்கும் அவர்கள் நிறுத்தத்தான் செய்வார்கள்.

இப்படி எழுதினால் எதிரியாகிவிடுவோமா என்று உங்களுக்குப் பயம் வரலாம். ஆகலாம். ஒரு கடலோரக் கிராமத்தில் சுத்திகரிப்புக் குடிநீர் நிலையம் திறந்ததை எழுதி, ஒன்றரை வருடம் கழித்துப் பூட்டிக் கிடந்ததையும் எழுதினேன். தண்ணீரை வடிகட்டுகிற மெம்பரேன் மாற்ற வருடாந்திரச் செலவுக்கு யாருமே பணம் ஒதுக்கவில்லை. அமைப்பு கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, ஊராட்சி தன் பொறுப்பில்லை என்றது. எழுதிய பிறகு அந்த அமைப்பின் நிர்வாகி போனில் கத்தினார், நம்பரை பிளாக் செய்தார், எங்கள் ஆபீஸுக்கு விளம்பரம் நின்றது. அது உண்மையில் வலித்தது, பகுதி நேரச் செய்தியாளர் பிழைப்பு உங்களுக்குத் தெரியும்தானே, வரிக்கணக்கில் வருகிற காசு பெட்ரோலுக்குப் பற்றாது. ஆனால் நான் அவரைப் பேசவிடாமல் எழுதவில்லை. போவதற்கு முன் போன் செய்தேன், அவர் சொன்ன காரணத்தை முழுசாகப் போட்டேன், எவ்வளவு செலவு என்ற கணக்கையும் போட்டேன். அதனாலேயே ஊராட்சிக் கூட்டத்தில் அந்தச் செலவைப் பற்றிப் பேச முடிந்தது. பணம் வைத்துக் கொடுக்கிற கவர் மட்டும் வாங்காதீர்கள் தம்பி, ஐந்நூறு ரூபாய் ஆனாலும். டீ குடிக்கலாம். வாங்கினால் ஒரு வருடம் கழித்து அந்தத் தெருவுக்குப் போக உங்களுக்கே கால் வராது.

ஆரம்பிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற எல்லாக் கல்வெட்டையும் பெயர்ப் பலகையையும் போட்டோ எடுங்கள். சுனாமிக் குடியிருப்பு, 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்த பிறகு வந்த உதவிகள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் கட்டிக் கொடுத்தவை, பள்ளிக் கழிப்பறை, நூலகம், சமுதாயக் கூடம், எல்லாவற்றிலும் ஒரு கல் இருக்கும், அதில் பேரும் தேதியும் இருக்கும். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் அது இப்போது யார் கையில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று மட்டும் கேளுங்கள். இருபது கல் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், எதிலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.